இரவுப் பணி: நலமும் கேடும்

பகல் உழைப்பதற்கும் இரவு ஓய்வதற்கும் உரியவை என்பது உலகத்தார் உடன்பட்ட ஒழுங்கு. கதிரவன் எழ எழுந்து, அவன் மறைய அடங்குதல் மக்களுக்கு மட்டுமன்றிப் பெரும்பாலான பறவைகட்கும் இயல்பாய் அமைந்தது. எனினும் ஊர் உறங்கும் வேளையில் விழித்திருந்து உழைப்போர் எக்காலத்தும் இருந்துள்ளனர். இக்காலத்திலோ அவர் தொகை பெரிதும் பெருகியுள்ளது. தெமோதரையில் நள்ளிரவில் ஒரு மேட்டில் நின்று நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். லயங்களின் விளக்குகள் அணைந்து, நமுனுகுல மலை இருளோடு இருளாய் மறைந்த பின்னரும் தேயிலைத் தொழிற்சாலையின் நீண்ட சாளரங்களில் ஒளி நிற்கும். இயந்திரங்களின் ஓசை பள்ளத்தாக்கெங்கும் கேட்கும்.

சென்ற ஆண்டு என்னிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியும் பல்கலைக்கழகத்தில் இடம்பெறாதவர் அவர். தோட்டத் தொழிற்சாலையில் இரவு வேலை கிடைத்திருக்கிறது என்றும், பகலில் வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குப் படிக்கலாம் என்று எண்ணுவதாகவும் கூறி, "சேர், இதை ஏற்றுக்கொள்ளலாமா?" என்று கேட்டார். உடனே விடைகூற என்னால் இயலவில்லை. என் தந்தையார் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரவில் உழைத்தவர். அவ்வுழைப்பின் ஊதியத்தால் எழுத்தறிந்தவன் நான். அவ்வுழைப்பால் அவர் உடல் தளர்ந்ததை அருகிருந்து கண்டவனும் நானே. ஆதலின் இரவுப் பணியின் நலமும் கேடும் யாவை, அவற்றைத் தீர்மானிப்பன எவை என்பதை ஒருமுறை ஒழுங்காக ஆராய்ந்து பார்த்தல் வேண்டும் என்று கருதினேன். அவ்வாராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

பண்டை வழக்கு

இரவில் விழித்துத் தொழில் செய்தல் தமிழர்க்குப் புதியதன்று. குறிஞ்சித் திணைக்கு உரிய சிறுபொழுது யாமம் என்பது இலக்கண நூலார் வகுத்த முறை. தினைப்புனத்தில் பரண்மீதிருந்து விலங்குகளை ஓட்டியவர் இரவுக் காவலரே. மதுரைக்காஞ்சி நாளங்காடியோடு அல்லங்காடியையும் கூறுகின்றது. இருளில் ஊர்காக்கும் காவலரையும் காட்டுகின்றது. முல்லைப்பாட்டிலோ பாசறையில் நீர்க்கடிகாரங் கொண்டு பொழுதளந்து கூறுவோரைக் காண்கிறோம். கடலோரத்துக் கலங்கரை விளக்கத்தில் தீயேற்றியவரும் இவ்வினத்தவரே.

இவரெல்லாம் காவலுக்காகவோ இன்றியமையாத் தேவைக்காகவோ விழித்திருந்தவர். பொருளாக்கத்துக்காகப் பெருங்கூட்டமாய் மக்கள் இரவில் உழைத்தல் இயந்திரத்தோடு வந்த வழக்கமாகும். இங்கிலாந்தில் ரிச்சட் ஆர்க்ரைட் என்பார் 1771ஆம் ஆண்டில் குரொம்போர்ட் என்னுமிடத்தில் நிறுவிய நூற்பாலை பகலும் இரவும் மாறிமாறி இயங்கிற்று. பெரும் முதலிட்டு வாங்கிய இயந்திரம் இரவில் வாளாவிருத்தல் இழப்பு என்ற எண்ணம் அன்று தோன்றியது. 1802ஆம் ஆண்டிலேயே ஆலைகளிற் பயிலுஞ் சிறுவரை இரவில் வேலைவாங்கலாகாது என்று ஆங்கிலப் பாராளுமன்றம் சட்டமியற்ற நேர்ந்ததெனின், அவ்வழக்கம் எத்துணை விரைவாகத் தீங்கு விளைத்தது என்பது தெளிவு. பின்னர் வாயு விளக்கும், 1879இல் எடிசன் செப்பஞ்செய்த மின்விளக்கும் வந்தன. இருள் என்னுந் தடை நீங்கிற்று. மனிதனின் உறக்கம் மட்டுமே எஞ்சிய தடையாயிற்று.

கொழுந்து காத்திராது

நம் மலைநாட்டுத் தொழிற்சாலை இரவில் இயங்குவதற்கு முதலாளியின் ஆசை மட்டுமே காரணமன்று. தேயிலையின் இயல்பும் காரணமாகும். இதனைத் தோட்டத்திற் பிறந்தவரும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பகலிற் பறித்த கொழுந்து நிறுவைக்குப் பின் தொழிற்சாலையை அடைகின்றது. அதன் நிறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீராகும். அந்நிலையில் அதனை உருட்டின் இலை முறிந்து சிதையுமேயன்றி முறுகாது. ஆதலின் மேல்மாடத்தில் அதனைப் பரப்பிக் காற்றோட்டத்தில் வாட்டுதல் வேண்டும். இவ்வாட்டத்துக்குப் பொதுவாகப் பன்னிரண்டு முதற் பதினெட்டு மணிநேரம் செல்லும். மாலையிற் பரப்பிய கொழுந்து பதமாவது பின்னிரவில். பதம் வந்தபின் காத்திருத்தல் ஆகாது. மிக வாடின் குணங்கெடும். எனவே நள்ளிரவு கடந்ததும் உருளை இயந்திரங்கள் சுழலத் தொடங்குகின்றன.

உருட்டப்பட்ட இலை காற்றோடு கலந்து நிறமாறி மணம்பெறுதலை நாம் புளித்தல் என்கிறோம்; உண்மையில் அது ஒட்சிசனேற்றமாகும். இதற்குக் குளிர்ந்த, ஈரப்பதம் மிகுந்த காற்று வேண்டும். வெப்பம் மிகின் இம்மாற்றம் கட்டுமீறி விரைந்து சுவையைக் கெடுக்கும். ஆகவே விடியற்காலத்துக் குளிர் தேயிலைக்கு நண்பன். பின்னர் அனல்மூட்டிய உலர்த்தியிற் செலுத்தி, நீர் நூற்றுக்கு மூன்று பங்களவாகக் குறையும்வரை காயவைப்பர். ஊவாவுக்குப் புகழ்தரும் பருவமாகிய ஆடி, ஆவணி மாதங்களில் உலர்ந்த கச்சான் காற்று வீசும்போது வாட்டம் விரைவில் முடியும்; அப்போது டீமேக்கர் எனப்படும் தயாரிப்பு அதிகாரி முன்னிரவிலேயே எழுந்து கொழுந்தைக் கையால் அழுத்தியும் முகர்ந்தும் பதம் பார்க்க வேண்டியவராவர். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குக் கிடைக்கும் தனிமதிப்பிற் பெரும்பங்கு இரவில் விழித்தவரின் கைக்கும் மூக்குக்கும் உரியது எனல் மிகையாகாது.

புகையிரதப் பாதையின் நிலையும் இத்தகையதே. 1924ஆம் ஆண்டில் பதுளைவரை திறக்கப்பட்ட இம்மலைப்பாதை, தெமோதரை நிலையத்தை விட்டு மலையைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் கீழேயே குகைவழியாகச் செல்கின்றது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைக் கண்டு இவ்வளைவு தோன்றிற்று என ஒரு கதை இங்கு வழங்கும். ஒற்றைத் தண்டவாளமாகிய இவ்வழியில் இருவண்டிகள் எதிர்ப்படாமற் காப்பது, அடுத்தடுத்த நிலையத்தார் ஒருவர்க்கொருவர் அறிவித்து வழங்கும் அடையாளத் தகடாகும். இரவுத் தபால் வண்டி ஓடிய காலமெல்லாம் அத்தகட்டை ஏந்தி மூடுபனியில் விளக்கோடு நின்ற நிலைய அதிபரின் விழிப்பை நம்பியே நூற்றுக்கணக்கானோர் வண்டியில் உறங்கினர். மருத்துவமனைத் தாதியர், மின்னிலையத்தார், காவற்றுறையினர் ஆகியோர் பணியும் இவ்வாறே.

எனவே இரவுப் பணியை ஒருங்கே வெறுத்தல் பொருந்தாது. இயற்கையாலோ உயிர்காக்கும் தேவையாலோ வரும் இரவுப் பணி ஒன்று. இயந்திரத்தின் ஆதாயத்துக்காக மட்டும் வருவது மற்றொன்று. இவ்வேறுபாட்டை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

நன்மைகள்

இரவுப் பணியால் தொழிலாளி பெறும் நன்மைகள் பொய்யானவையல்ல. முதலாவது, மேலதிக ஊதியம். பகலூதியத்தால் நிரம்பாத குடும்பத்துக்கு அச்சிறு மிகுதி பாடப்புத்தகமாகவும் மருந்தாகவும் மாறும். இரண்டாவது, பகற்பொழுது கைவசமாதல். கச்சேரி, வங்கி, வைத்தியசாலை ஆகியவை பகலிலேயே திறந்திருக்கும். பகலில் மலையேறுவோர் இவற்றுக்குச் செல்ல ஒருநாட் கூலியை இழத்தல் வேண்டும். இரவுப் பணியாளர்க்கு அவ்விழப்பில்லை. என் தந்தையார் லயத்தின் பின்புறத்துச் சிறு நிலத்திற் கோவாவும் லீக்சும் பயிரிட்டது இப்பகற்பொழுதிலேயே. மூன்றாவது, தொழில் நுணுக்கம். தேயிலை உண்மையில் உருவாகும் வேளையில் அருகிருப்பவனே அத்தொழிலைக் கற்பான். நான்காவது, ஒரே இயந்திரத்தில் பகலிலும் இரவிலும் ஆள் அமர்த்தப்படுவதால் வேலை பெறுவோர் தொகை கூடும்; வேலையின்மை மிகுந்த மாவட்டத்தில் இது சிறுபயனன்று. ஐந்தாவது, இரவின் அமைதி. மேலதிகாரிகளின் நடமாட்டம் குறைந்த அவ்வேளையில் உழைப்போரிடையே ஒரு தோழமை உண்டாகும். அடுப்பருகே அமர்ந்து தேநீர் பகிர்ந்தவரின் நட்பு முதுமைவரை நீடித்ததை நான் கண்டிருக்கிறேன்.

உடலின் கடிகாரம்

இனித் தீமைகளை நோக்குவோம். மனித உடலினுள் ஏறத்தாழ இருபத்துநான்கு மணிநேரத்தில் ஒருமுறை சுழலும் ஒழுங்கு ஒன்று உண்டு. பழ ஈக்களை ஆராய்ந்து அவ்வொழுங்கை இயக்கும் மரபணுக்களின் தொழிற்பாட்டை விளக்கிய ஜெஃப்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய அமெரிக்க விஞ்ஞானிகள் மூவர்க்கு 2017ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது கண்வழிப் புகும் பகலொளி. இருள் சூழ மூளையில் மெலற்றோனின் என்னும் பொருள் சுரந்து உறக்கத்தை அழைக்கும். உடல் வெப்பம் தாழ்ந்து, விடியற்காலை நான்கு ஐந்து மணியளவில் மிகக் குறையும். அவ்வேளையிற் கவனமும் கைவிரைவும் தளர்தல் இயற்கை. மன உறுதியால் இதனைச் சிறிது மறைக்கலாமேயன்றி மாற்ற இயலாது.

பல மாதங்கள் இரவில் உழைத்தவரிலும் பெரும்பாலோரின் உடல் முற்றாக இரவுக்கு மாறுவதில்லை. காலையில் வீடு திரும்பும்போதே கதிரவனொளி உடலைப் பகலென அறிவித்துவிடுகின்றது. ஆதலின் பகலுறக்கம் இரவுறக்கத்தினும் குறுகியதும் ஆழமற்றதுமாகும். இவ்வாறு நாடோறும் சேருங் கடன் வயிற்றுக் கோளாறு, நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றுக்கு இடந்தருகின்றது என மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. உலகச் சுகாதார தாபனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2007ஆம் ஆண்டில் உடலொழுங்கைக் குலைக்கும் முறைவேலையைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாகக் கருதத்தக்க காரணிகளுள் வைத்தது. 2019இல் மீண்டும் ஆராய்ந்து அம்முடிவை உறுதிசெய்தது. இதன் பொருள் இரவில் உழைப்பவர் யாவரும் நோயுறுவர் என்பதன்று. நெடுங்காலம் உழைப்பார்க்கு இடர் கூடலாம் என்பதே.

அடுத்தது விபத்து. தொடர்ந்து பதினேழு மணிநேரம் விழித்திருப்பவரின் செயற்றிறன், பல நாடுகளில் வண்டியோட்டத் தடைசெய்யப்பட்ட அளவு மதுவருந்தியவரின் திறனுக்கு ஒப்பாகத் தாழ்கின்றது என அவுஸ்திரேலிய ஆய்வாளர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அமெரிக்காவின் திரீமைல் தீவு அணுநிலைய விபத்து 1979 மார்ச் 28ஆந் திகதி விடியற்காலை நான்கு மணியளவில் நிகழ்ந்தது. போபால் நகரில் நச்சுவாயு பரவியது 1984 டிசம்பர் இரண்டாந் திகதி நள்ளிரவையொட்டி. செர்னோபில் அணு உலை வெடித்தது 1986 ஏப்ரில் 26ஆந் திகதி இரவு ஒருமணி கடந்து. இவற்றுக்கு உறக்கமின்மை ஒன்றே காரணம் என்பார் இலர். குறைபட்ட இயந்திரமும் குறைபட்ட நிருவாகமும் காரணங்களே. ஆயினும் தவறு நேர்ந்தவழி அதனை விரைந்து உணர்ந்து திருத்தவேண்டிய மனிதர், உடல் மிகத் தளர்ந்திருக்கும் வேளையில் அங்கே நின்றனர் என்பது எண்ணத்தக்கது.

பெரிய விபத்துக்களை விடுத்துச் சிறிய ஒன்றைக் கூறுகிறேன். நான் எட்டாம் வகுப்பிற் படித்த காலத்தில், ஒரு விடியற்காலை, என் தந்தையார் உருளை இயந்திரத்தருகே நின்றவாறே ஒருகணம் கண்ணயர்ந்தார். வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகள் போயின. எத்தோட்டம் என்பது ஈண்டு வேண்டா. எவர் வினவினும் அவர் கூறிய விடை ஒன்றே: "தூங்கினது என் குத்தம்." அச்சொல்லை அவர் இறக்கும்வரை மாற்றவில்லை. உடற்கடிகாரத்தைப் பற்றி நான் முதன்முதலிற் படித்தபோது, விடியல் நான்கு மணி என்ற வரியில் நெடுநேரம் நின்றேன். அது குற்றமன்று, இயற்கை என்று அவர்க்குச் சொல்ல அப்போது அவர் இல்லை.

லயத்தின் பகல்

மேற்கூறியவை எந்நாட்டு இரவுப் பணியாளர்க்கும் பொது. நம்மவர்க்கே சிறப்பாக உரிய கேடு ஒன்றுண்டு. அது பகலில் உறங்குவதற்கு இடமின்மை.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினவாகிய லயத்து அறைகளில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்து வந்தது. இன்றும் பலர் அவ்வாறே வாழ்கின்றனர். தகரக்கூரை நண்பகலில் அனலாகும்; மழைபெய்யின் முரசாகும். அடுத்த அறையின் பேச்சும் வானொலியும் சுவரைக் கடந்து வரும். என் தாயார் காலைப் பிரட்டுக்குப் போகுமுன் சாளரத்திற் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டு, எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சார்த்துவார். "அப்பா தூங்குறாரு" என்பதே எங்கள் பிள்ளைப்பருவத்தில் மிகுதியாகக் கேட்ட சொல். நாங்கள் ஓசையின்றி விளையாடக் கற்றோம். ஆயினும் அயல்வீட்டுப் பிள்ளைகட்கு அதனைக் கற்பிக்க எவராலும் இயலவில்லை. மாலையில் நாங்கள் பாடம் படிக்க அமரும்போது அவர் புறப்படுவார். ஒரே அறையில் வாழ்ந்தும் தந்தையும் மக்களும் ஒருவரையொருவர் காணும் நேரம் நாளில் இரண்டு மணிக்கு மேற்படாது.

இரவில் ஒருவரிடம் வேலை வாங்குவோர் அவரது பகலுறக்கத்துக்கும் பொறுப்புடையர் என்பதே என் கருத்து. இரவுக்கெனச் சேர்க்கப்படும் சிறு ஊதியம் விழிப்புக்கு விலையாகலாம். இழந்த உறக்கத்தை அது மீட்டுத்தராது.

சட்டத்தின் காவல்

இத்தீமைகளை உலகம் முற்றாக மறந்துவிடவில்லை. 1906ஆம் ஆண்டில் சுவிற்சலாந்தின் பேர்ண் நகரிற் கூடிய நாடுகள் ஆலைகளில் மாதர் இரவுவேலை செய்தலைத் தடுக்க உடன்பட்டன. 1919இல் சர்வதேசத் தொழில் தாபனம் தன் முதற் கூட்டத்திலேயே மாதர்க்கும் இளைஞர்க்கும் இத்தகைய காவலை வகுத்தது. 1948இல் மாதர் பற்றியதைத் திருத்தியமைத்தது. இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் இத்துறையில் முதன்மையானது. 1978இல் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றி ஆடைத்தொழில் வளரவே, 1984ஆம் ஆண்டிற் சட்டம் திருத்தப்பட்டு, மாதர் இரவுவேலைக்கு நிபந்தனைகளோடு இடமளிக்கப்பட்டது. விருப்பத்துக்கு மாறாக வற்புறுத்தலாகாது. இரவு பத்துமணிக்குப் பின் அமர்த்தத் தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அன்று பகலில் உழைத்தவரை அன்றிரவில் அமர்த்தலாகாது. ஊதியம் வழமையினும் ஒன்றரை மடங்குக்குக் குறையலாகாது. பெண் மேற்பார்வையாளரும் ஓய்வறையும் சிற்றுண்டியும் வேண்டும். மாதத்திற் பத்திரவுகளுக்கு மேற்படலாகாது என்பன அந்நிபந்தனைகள்.

தமிழ்நாட்டிலும் இவ்வினா எழுந்தது. 1948ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் மாதரை இரவில் அமர்த்துவதைத் தடுத்தது. அத்தடை சமத்துவத்துக்கு முரண் எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்து, பாதுகாப்பு நிபந்தனைகளை வகுத்தது. தடையால் மாதர் ஊதியம் பெறும் வாய்ப்பை இழந்தனர். தடை நீங்கியதால் வாய்ப்போடு இடரையும் பெற்றனர். இரண்டையும் ஒருங்கே நோக்குதல் அறிவுடைமை. 1990ஆம் ஆண்டிற் சர்வதேசத் தொழில் தாபனம் வகுத்த 171ஆம் உடன்படிக்கை ஆண் பெண் என்ற வேறுபாடின்றி இரவில் உழைப்பார் யாவர்க்கும் மருத்துவச் சோதனையும், உடலியலாதவர்க்குப் பகல்வேலைக்கு மாறும் வழியும் வேண்டும் என்கின்றது. ஆணின் உடலும் உறக்கம் வேண்டும் உடலே என்பதை உலகம் ஏற்றுக்கொள்ள எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின.

செய்யத்தக்கன

தவிர்க்கவியலாத இரவுப் பணியின் கேட்டைக் குறைத்தற்கு வழிகள் உள. முறை மாறுங்கால் காலை, மாலை, இரவு என முன்னோக்கி மாறுதல் உடலுக்கு எளிது. பின்னோக்கி மாறுதல் கடினம். தொடர்ந்த இரவுகள் சிலவாகவே இருத்தல் நன்று. பணிக்குமுன் மாலையில் அரைமணி நேரமாவது உறங்குதல் விடியற்காலத் தளர்ச்சியைக் குறைக்கும். பேருணவை நள்ளிரவுக்கு முன் முடித்துப் பின்னர் சிறிதளவே உண்ணல் வேண்டும். தேயிலையின் கஃபீன் உடலைவிட்டு நீங்கப் பல மணிநேரம் செல்லுமாதலின், பணியின் முற்பாதியிற் பருகுந் தேநீர் துணைசெய்யும். முடிவிற் பருகுவது பகலுறக்கத்தைக் கெடுக்கும். உறங்கும் அறையை இருளாக்குதல் மிக முக்கியம். என் தாயாரின் கம்பளி விஞ்ஞானத்துக்கு ஒத்ததே. இயந்திரத்தருகே தனியொருவரை நிறுத்தாது இருவரை நிறுத்தலும், கடினமான வேலையை மூன்று மணிக்கு முன்னரோ ஐந்து மணிக்குப் பின்னரோ அமைத்தலும் நிருவாகத்தார் கடன். தொழிற்சாலையருகே இரவுப் பணியாளர்க்கென அமைதியான ஓய்வறை ஒன்று அமைத்தல் பெருஞ்செலவாகாது.

முடிவுரை

வள்ளுவர் காலமறிதலை விளக்கக் காக்கையையும் கூகையையும் எடுத்துக்காட்டினார். ஒவ்வொன்றுக்கும் வலிமை தரும் பொழுது வேறு. மனிதன் காக்கையின் இனத்தவன். கூகையின் பொழுதில் அவன் உழைப்பதாயின் அதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை யார் கொடுக்கிறார், எவ்வளவு காலம் கொடுக்கிறார், அதனால் யார் பயன்பெறுகிறார் என்பவற்றைக் கொண்டே இரவுப் பணி நன்றோ தீதோ என்பதைத் துணிதல் வேண்டும்.

நானும் ஆசிரியப் பணியிலமர்ந்தபின் வெளிவாரிப் பட்டத்துக்கு இரவில் விளக்கொளியிற் படித்தவன். அவ்விரவுகள் எனக்குப் பட்டம் தந்தன. மறுநாள் வகுப்பில் மாணவர்க்கு உரியதைச் சிலவேளை தரவொட்டாமலுந் தடுத்தன. ஆகவே அம்மாணவரிடம் மூன்று வினாக்களைக் கேட்டேன். பகலில் ஆறு மணிநேரமாவது இருளில் உறங்க இடம் உண்டா? இவ்வேலை எத்துணைக் காலத்துக்கு என்பதற்கு ஓர் எல்லை வகுத்தீரா? பரீட்சைக்கு முன் சில வாரங்கள் பகல்முறைக்கு மாற இசைவு பெறுவீரா? இம்மூன்றுக்கும் ஆம் எனின் ஏற்றுக்கொள்க என்றேன்.

அவர் ஒரு வாரத்தின்பின் மீண்டும் வந்தார். அயலில் உள்ள தம் அத்தையார் வீட்டுப் பின்னறை பகலில் உறங்கக் கிடைத்ததென்றும், இரண்டாண்டுகளே உழைக்க எண்ணியிருப்பதாகவும், மூன்றாவதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்றும் கூறினார். மூன்றுக்கு இரண்டோடு அவர் பணியை ஏற்றுக்கொண்டார். இவ்வாண்டு பரீட்சைக்கு விண்ணப்பித்துள்ளார். அவர் எடுத்த முடிவு முற்றுஞ் சரியென நான் துணிந்து கூறேன். ஆயினும் விடியற்காலையில் விழிப்பு வந்து, தூரத்தே இயந்திர ஓசையைக் கேட்குந்தோறும் கடிகாரத்தைப் பார்க்கிறேன். நான்கு மணியெனின், ஐந்தாகும்வரை எனக்கு உறக்கம் வருவதில்லை.